ஈரக் கை என்றார்கள்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஒன்று சேர்ந்தால் முதன்முதலாகக் கம்ப்யூட்டரைத் தொட்ட கதை எப்படியும் வந்துவிடும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம், மவுஸைப் பிடிக்கக் கை நடுங்கியது, ஃபிளாப்பியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினோம் என்று சிரிக்கச் சிரிக்கச் சொல்வீர்கள். நானும் கூடவே சிரித்தவள்தான். இரண்டு வருடமாக என்னால் சிரிக்க முடியவில்லை. யாராவது ஆரம்பித்தாலே எனக்கு ஆத்திரமாக வருகிறது. நாற்பது தாண்டியவளுக்கு இவ்வளவு கோபம் ஆகாது, மாத்திரை போட்டுக்கொள் என்கிறார்கள். போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

பந்தலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் நாங்கள் இருந்தோம். வரிசையாகப் பத்து வீடு, பத்துக்கும் ஒரே தகரக் கூரை. ஒரு வீட்டில் தாளித்தால் கடைசி வீட்டில் தும்முவார்கள். எல்லாம் சிலோனிலிருந்து கப்பலேறி வந்த குடும்பங்கள். அப்பாவுக்குத் தோட்டத்து ஃபேக்டரியில் வேலை. பறித்து வரும் பச்சைக் கொழுந்தை வாட்டுவதும் காயவைப்பதும் அவர் பொறுப்பு. அம்மா கொழுந்து எடுப்பவர். அக்கா பன்னிரண்டாவது முடித்திருந்தாள். நான் எட்டாவது.

அது தேயிலை விலை விழுந்த சமயம். ஃபேக்டரி வாரத்தில் சில நாள் ஓடும், சில நாள் ஓடாது. ஒரு மாதம் சம்பளம் வரும், ஒரு மாதம் 'அப்புறம் பார்க்கலாம்' வரும். காலையில் சங்கு ஊதாத நாட்களில் லயத்தில் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. ஆண்கள் குளிருக்குத் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு வாசலில் குந்தியிருப்பார்கள். பக்கத்து வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போயின. பனியன் கம்பெனியில் வேலை, தங்க இடமும் உண்டு என்று ஒரு வேன் வந்து பெண்பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். அந்த வேன் எப்போது வந்தாலும் அம்மா அக்காவை உள்ளே போகச் சொல்வார்.

அக்காவுக்கு வேறு வழி ஒன்று திறந்திருந்தது. பஜாரில் பத்திரம் எழுதுபவர் ஒருவர் டைப்ரைட்டரை மூட்டை கட்டிவிட்டுக் கம்ப்யூட்டர் வாங்கத் தீர்மானித்திருந்தார். தமிழும் இங்கிலீஷும் தப்பில்லாமல் அடிக்கத் தெரிந்த பெண்ணாக இருந்தால் ஆடி கழிந்ததும் வேலைக்குச் சேர்த்துக்கொள்வதாக அக்காவிடம் சொல்லியிருந்தார். கூரைக்குக் கீழே, நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலை. எங்கள் குடும்பத்தில் சிலோனிலும் சரி, இங்கேயும் சரி, உட்கார்ந்து வேலை செய்தவர் யாரும் கிடையாது. எல்லோரும் நின்றே சம்பாதித்தவர்கள்.

அக்கா பழகப் போனது பஜாரில் குடைக்கடைக்கு மேல் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டருக்கு. சென்டர் என்று பெயர். இருந்தது ஒரே ஒரு மெஷின். அதை நடத்தியவரை ஊரே மாஸ்டர் என்றது. அந்த மெஷினுக்கு அவர் செய்த உபசாரத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சிவப்புக் கம்பளம், கதவுக்குத் திரை, மானிட்டரின் நெற்றியில் சந்தனம் குங்குமம், சுருக்கு வைத்துத் தைத்த பிளாஸ்டிக் உறை. அறைக்குள் எப்போதும் ஊதுபத்தி வாசமும் சூடான பிளாஸ்டிக் வாசமும் சேர்ந்து அடிக்கும். ஃபீஸுக்குப் பதிலாக அக்கா காலையில் சீக்கிரம் போய்க் கடையைத் திறந்து கூட்டிப் பெருக்கி வைப்பாள். அதற்கு ஈடாகத் தினம் ஒரு மணி நேரம் மெஷின் அவளுக்கு.

மாடிப்படிக்குக் கீழே ஒரு வாளித் தண்ணீர் இருக்கும். லயத்துப் பிள்ளைகள் கைகால் கழுவிக்கொண்டுதான் மேலே ஏற வேண்டும் என்பது மாஸ்டர் போட்ட சட்டம். பஜார்ப் பிள்ளைகளுக்கு அந்தச் சட்டம் இல்லை. அவர்கள் செருப்பைக் கழற்றினால் போதும். எங்கள் கையில் கொழுந்துக் கறை இருக்குமாம், காலில் அட்டை ஒட்டிக்கொண்டு வருமாம். அட்டை வந்தது உண்மைதான், ஆனி மழையில் யார் காலில் அட்டை ஏறவில்லை? மாஸ்டர் காலில் ஏறிய அட்டையை அக்காதான் உப்பு போட்டு எடுத்துவிட்டாள். கைகால் கழுவச் சொன்ன ஆள் அவர்தான் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். இது தெரியாவிட்டால் எங்கள் வீட்டார் செய்த காரியம் உங்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் தண்ணிக் கழிவு என்று ஒன்று உண்டு. மழையில் எடுத்த இலையில் தண்ணீர் ஒட்டியிருக்கும் அல்லவா, அதற்காக எடையில் கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள். எவ்வளவு கழிப்பது என்பது நிறுப்பவர் வாய்க்கு வந்ததுதான். தராசுக் கொக்கியில் சாக்கை மாட்டுவார், இலைக்குள் கையை விட்டுப் பார்ப்பார், 'ஈரம்' என்பார். அவ்வளவுதான், காலையிலிருந்து குனிந்து எடுத்ததில் ஒரு பங்கு போய்விடும். மழையே இல்லாத நாளில்கூட, மூடுபனி இருந்தது என்று கழித்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். "இன்னைக்கு எங்க மழ பேஞ்சிச்சும்மா?" என்று அம்மாவிடம் கேட்டேன். "ஈரம்னு அவங்க சொன்னா ஈரந்தான். வா பேசாம" என்றார் அம்மா. சிலோனில் பாட்டன் காலத்திலிருந்து அப்படித்தான். ஈரம் என்று யாராவது சொல்லிவிட்டால் எங்கள் ஆட்கள் எதிர்த்துக் கேட்க மாட்டார்கள்.

இப்போது மெஷினுக்கு வருகிறேன். மாஸ்டரின் மெஷின் பழசு. கோயமுத்தூரில் யாரோ கழித்துக் கட்டியதை வாங்கி வந்திருந்தார். அதில் புதிதாக வந்த தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேரைப் போட்டதும் மூச்சு வாங்கத் தொடங்கியது. ஒரு பக்கம் திறப்பதற்குள் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். மெமரி பத்தவில்லை, பெரிய மெமரி போட்டால் பறக்கும் என்று யாரோ மாஸ்டருக்குச் சொன்னார்கள். அந்தக் காலத்தில் முப்பத்திரண்டு எம்.பி. இருந்த இடத்தில் நூற்றிருபத்தெட்டு என்றால் சும்மாவா?

மாஸ்டர் மெஷினைத் திறந்து பழைய மெமரியைக் கழற்றினார். அதைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு ஊட்டி போய், பர்லியார் வளைவுகளில் வாந்தி எடுத்து, கோயமுத்தூர் போய்ச் சேர்ந்தார். போல்ட்டைக் கொண்டுபோய் நட்டு வாங்குகிற மாதிரி பழையதைப் பக்கத்தில் வைத்து நீளம் பார்த்தார், பள்ளம் பார்த்தார். இரண்டும் ஒத்துப்போயின. பழையதைக் கடைக்காரரிடமே கொடுத்துக் கழித்துக்கொண்டு புதியதை வாங்கினார். இதையெல்லாம் திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை அவரே எங்களிடம் பெருமையாகச் சொன்னார். வெள்ளிக் காகிதம் மாதிரி மின்னும் உறையிலிருந்து அதை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். பச்சைப் பலகையில் கறுப்புச் சில்லுகள். தொடக் கூடாது, பார்க்கலாம்.

அன்று கரண்ட் இல்லை. எங்கோ மரம் விழுந்து கம்பி அறுந்திருந்தது. டார்ச்சை அக்கா பிடிக்க, மாஸ்டர் புதிய மெமரியை அதன் குழியில் வைத்து அழுத்தினார். டக்கென்று உட்கார்ந்தது. "பாத்தியா, அதுக்குன்னே செஞ்ச மாதிரி உக்காந்துச்சு" என்றார். ஓட்டிப் பார்க்க வழியில்லை. மறுநாள் காலையில் கூடலூரில் ஒரு கல்யாணம், மத்தியானம் வந்து போடுகிறேன் என்று போய்விட்டார்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு மழை லீவு. நானும் அக்காவுடன் போனேன். அக்கா தலைக்குப் பிளாஸ்டிக் தாளைப் போட்டுக்கொண்டு வந்தாள். வாளித் தண்ணீரில் கை கழுவினாள், மாஸ்டர் இல்லாவிட்டாலும் சட்டம் சட்டம்தானே. அவளுடைய துணி நனைந்திருந்ததால் என் ஸ்வெட்டரைத் தூக்கி அதன் உள்பக்கத்தில் கையைத் துடைத்தாள். விரல் விரலாகத் துடைத்தாள். எனக்குக் கூசியது, கத்தினேன். அவள் கூட்டிப் பெருக்கி முடித்தபோது கரண்ட் வந்தது. அவளுடைய ஒரு மணி நேரம் அதுதான். பிஸ்கெட் கவரில் சுற்றி வைத்திருந்த ஃபிளாப்பியை எடுத்து வைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டாள்.

மெஷின் கத்தியது. நீளமாக ஒரு கூவல். நிறுத்தி, மறுபடியும் அதே கூவல். திரை கறுப்பாகவே இருந்தது. அக்கா பயந்து அணைத்தாள், மறுபடியும் போட்டாள், மறுபடியும் கூவியது. குடைக்கடைக்காரர் மேலே ஓடி வந்தார், படியில் ஆட்கள் கூடினார்கள். அக்கா ஒரு மூலையில் போய் உட்கார்ந்து அழுதாள். மத்தியானம் வரை அழுதாள்.

மாஸ்டர் கல்யாணப் பட்டு வேட்டியோடு வந்தார்.

"யாரு போட்டது?"

"நாந்தான் மாஸ்டர். கரண்ட் வந்துச்சு, போட்டேன். கத்துது."

"கையக் காட்டு."

அக்கா காட்டினாள். மாஸ்டர் அவள் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கூடியிருந்தவர்கள் பக்கம் திரும்பி, "ஈரம்" என்றார்.

காலையில் போட்ட சுவிட்சுக்கு மத்தியானம் கையைத் தொட்டுப் பார்க்கிறார்! அது அழுத கண்ணைத் துடைத்த கை. "அக்கா கையத் தொடச்சிட்டுத்தான் தொட்டிச்சு. என் ஸ்வெட்டர்லதான் தொடச்சிச்சு" என்று நான் சொன்னேன். ஸ்வெட்டரைத் தூக்கியும் காட்டினேன். "சின்னப் புள்ள, நீ வாய மூடு" என்றார் குடைக்கடைக்காரர். பார்த்தவள் நான் ஒருத்திதான். என்னைக் கேட்கவே இல்லை.

செய்தி எங்களுக்கு முன்னால் லயத்துக்குப் போய்விட்டது. அப்பா அக்காவை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. "ஈரந்தானே? ஈரத்த எடுக்கத் தெரியாதவனா நானு?" என்றார்.

அடுத்த நாள் அவர் மாஸ்டரிடம் கெஞ்சி மெஷினின் பெட்டியை வாங்கிக்கொண்டு, கொழுந்துச் சாக்கில் சுற்றி, கொழுந்து வண்டியில் ஏற்றி ஃபேக்டரிக்குக் கொண்டு போனார். நானும் தொற்றிக்கொண்டேன். ஃபேக்டரி மாடியில் கொழுந்து வாட்டும் படுக்கைகள் இருக்கும். நீள நீளமான கம்பி வலை, அதற்குக் கீழே பெரிய காற்றாடி, அதிலிருந்து வெதுவெதுப்பான காற்று. பச்சை இலை வாடுகிற வாசம் உங்களுக்குத் தெரியுமா? நறுக்கிய ஆப்பிளையும் ஈரப் புல்லையும் சேர்த்து முகர்ந்த மாதிரி இருக்கும். அந்த வாசத்துக்கு நடுவே, இலையை ஒதுக்கி இடம் செய்து, கம்ப்யூட்டர் பெட்டியைப் படுக்க வைத்தார் அப்பா. இலையைப் புரட்டுகிற மாதிரி அவ்வப்போது பெட்டியைப் புரட்டினார். தூள் தயாரிப்பை மேற்பார்க்கும் டீ மேக்கர் அந்தப் பக்கம் வந்து, "என்னா, பதம் வந்திருச்சா?" என்று கேட்டுச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. பெட்டியின் பின்பக்கத்து ஓட்டைகளில் மூக்கை வைத்து முகர்ந்து பார்த்து, "இன்னுங் கொஞ்சம்" என்றார். இரண்டு நாள் அதற்குக் காவல் இருந்தார். இலையைக் கையில் பிடித்தே பதம் சொல்லும் மனுஷன், எங்கேயும் இல்லாத ஈரத்தை அந்தப் பெட்டிக்குள் தேடிக்கொண்டிருந்தார். 

திரும்பக் கொண்டுபோய் வைத்துச் சுவிட்சைப் போட்டோம். அதே கூவல். மாஸ்டர் மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே ஃபேக்டரிக் காற்றில் பறக்கும் தேயிலைப் பஞ்சு பழுப்பாகப் படிந்திருந்தது. "இப்ப தூசியும் சேத்துக் குடுத்திருக்கீங்க" என்றார்.

அப்பா இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். அந்தச் சிவப்புக் கம்பளத்துக்கு வெளியே, வெறுங்காலில் நின்றுகொண்டு கும்பிட்டார். "புள்ள தெரியாமச் செஞ்சிருச்சுங்க. மன்னிச்சுக்கிடுங்க" என்றார். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பணம் எதுவும் கேக்க மாட்டேன் நான். உங்க கஷ்டம் எனக்குத் தெரியாதா? பொண்ணு மட்டும் இனிமே இங்க வர வேண்டாம்" என்றார் மாஸ்டர்.

என்ன ஒரு பெருந்தன்மை! ஊரே மெச்சியது. வேறொருவராக இருந்தால் போலீசுக்குப் போயிருப்பார், இவர் நல்ல மனுஷன், விட்டுவிட்டார் என்று லயத்தில் ஒரு மாதம் பேசினார்கள். அம்மாகூட, "அவுரு நல்லா இருக்கணும்" என்றார்.

மெஷினைக் கெடுத்த பெண் என்ற பேச்சு பத்திரம் எழுதுபவரின் காதுக்கும் போனது. ஆடி கழிந்தது. அந்த நாற்காலியில் பஜார்ப் பெண் ஒருத்தி உட்கார்ந்தாள். திருப்பூர் வேன் அடுத்த முறை வந்தபோது அம்மா அக்காவை உள்ளே போகச் சொல்லவில்லை. அக்கா ஒரு தகரப் பெட்டியோடு ஏறினாள். ஃபிளாப்பியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அதில் அவள் அடித்துப் பழகிய பாடங்கள் இருந்தன. பத்திரமாக வைத்திருந்தேன், லயத்திலிருந்து வீடு மாறும்போது எங்கே போனதென்று தெரியவில்லை. அப்பா அதற்குப் பிறகு அந்த மாடிப்படி இருக்கும் தெருவில் கால் வைக்கவில்லை. பஸ் ஏறுவதற்குக்கூடச் சுடுகாட்டு வழியாகச் சுற்றிப் போவார். வெட்கம்!

நானும் அவர்கள் சொன்னதை நம்பித்தான் வளர்ந்தேன். என் கண்ணால் பார்த்ததைவிட ஊர் சொன்னது பெரிதாகிவிட்டது. அக்கா திருப்பூரிலிருந்து அனுப்பிய பணத்தில் படித்து, இப்போது குன்னூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராக இருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு எங்கள் லேபில் இருந்த பழைய மெஷின்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. புதிய மெமரி வரவழைத்தோம். முதல் தடவையாக நானே திறந்து, பழையதைக் கழற்றி, புதியதைக் குழியில் வைத்து அழுத்தினேன். டக்கென்று உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டேன். நீளமாக ஒரு கூவல்.

 முதல் காரியமாக என் கையைத் திருப்பிப் பார்த்தேன். நல்ல வெயில் நாள், கை காய்ந்துதான் கிடந்தது.

மெமரி கொடுத்த கோயமுத்தூர்த் தம்பிக்குப் போன் செய்தேன். "ஏனுங்க டீச்சர், குழியில உக்காந்துட்டா போதுங்களா? உங்க போர்டு பழசுங்க. இந்த மெமரியில ஒரு சில்லுக்குள்ள அடைச்சு வெச்சிருக்கிற அளவ அதுக்குப் படிக்கத் தெரியாதுங்க. கம்மியா அடைச்ச சில்லு, எண்ணிக்கை ஜாஸ்தியா இருக்கிற ரகம் வேணும். மாத்தி அனுப்பறனுங்க. அதுவரைக்கும் பழசையே போட்டுக்கோங்க, ஓடும்" என்றான்.

"அந்தச் சத்தம்?"

"மெமரி எனக்குப் புரியலைன்னு அதுவே சொல்லுதுங்க. அதுக்குத்தான் கத்துறது."

பழையதைப் போட்டேன். ஓடியது.

 மாஸ்டரின் மெஷின் அன்றைக்கே சொல்லியிருக்கிறது. ஊர் கூடி நின்று கேட்கும்படி வாய்விட்டுக் கத்திச் சொல்லியிருக்கிறது, 'என் வயிற்றில் போட்டது எனக்குச் சேரவில்லை' என்று. ஒருவருக்கும் அது காதில் ஏறவில்லை. முந்தின நாள் புதிதாகப் போட்டது ஒன்று. மறுநாள் மெஷின் ஓடவில்லை. சின்னக் குழந்தைகூடப் புதிதாகப் போட்டதைத்தான் முதலில் எடுத்துப் பார்க்கும். இவர்கள் என் அக்காவின் கையைப் பிடித்துப் பார்த்தார்கள்! எடுத்துவிட்டுத் திரும்பப் போடுவதற்குப் பழையதும் கையில் இல்லை, ஓட்டிப் பார்க்காமலே கடையில் தள்ளிவிட்டு வந்திருக்கிறார் மனுஷன். என் பிள்ளைகளுக்கு இப்போது முதல் பாடமே இதுதான். நீளமும் பள்ளமும் ஒத்துப்போனால் போதாது, போர்டு எந்த ரகத்தை ஏற்கும், எவ்வளவு வரை ஏற்கும் என்று பார்த்துவிட்டு வாங்கு. புதியது ஓடும்வரை பழையதைக் கைவிடாதே. இதைச் சொல்லும்போது என் குரல் ஏன் இப்படி உயர்கிறது என்று பிள்ளைகளுக்குப் புரிவதில்லை.

அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். அவள் இப்போது ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். பின்னால் தையல் மெஷின்களின் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. 

"கையி இல்லையா?" என்றாள் கடைசியில்.

"இல்லக்கா."

"ஆடி லீவுல வாறேன். நீயும் வா. மாஸ்டரப் பாக்கணும். அதுவரைக்கும் அப்பாகிட்டச் சொல்லாத."

போனோம். நல்ல மழை. மாஸ்டர் இப்போது கீழேயே ஜெராக்ஸும் ஆன்லைன் விண்ணப்பமும் போடும் கடை வைத்திருந்தார். தலைக்கு மை அடித்திருந்தார். எங்களை உற்றுப் பார்த்தார், பிறகு முகமெல்லாம் சிரிப்பு.

"அட, ஈரக்கைப் பொண்ணு!" என்றார். அவ்வளவு பிரியமாகச் சொன்னார். இரண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு, பக்கத்துக் கடையில் டீக்குக் குரல் கொடுத்தார்.

அக்கா உட்காரவில்லை. "மாஸ்டர், அது ஈரத்துல கெடல. நீங்க வாங்கியாந்த மெமரி சேரல. தங்கச்சி கண்டுபிடிச்சிருச்சு" என்றாள்.

அவர் திகைப்பார், மறுப்பார் என்று நான் காத்திருந்தேன். சண்டைக்கு வார்த்தைகளை வரிசையாக அடுக்கியும் வைத்திருந்தேன்.

"ஆமாம்மா, தெரியுமே" என்றார் மாஸ்டர். "அடுத்த வாரமே கோயமுத்தூர் கொண்டு போனேன். கடைக்காரன் பாத்தவொடனே வேற ரகம்னுட்டான். மாத்திக் குடுத்தான், ஓடுச்சு. அப்புறம் எத்தனையோ வருஷம் ஓடுச்சே அந்த மெஷினு!"

அடுத்த வாரமே! அப்போது ஆடி பிறந்திருக்கவில்லை. நாற்காலி காலியாக இருந்தது. அக்கா லயத்தில்தான் இருந்தாள். நடந்தால் அரை மணி நேரம்.

"அப்ப ஏன் எங்ககிட்டச் சொல்லல?" என்று கத்தினேன் நான்.

"உங்கப்பாதான் அதுக்கப்புறம் இந்தப் பக்கமே வரலையேம்மா. வந்திருந்தா சொல்லிருப்பேன்" என்றார். குரலில் கள்ளம் இல்லை. அதுதான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. சொல்வதற்காக லயம் வரை ஒரு நடை போகலாம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

டீ வந்தது. அக்கா தொடவில்லை. குடையை விரித்தாள்.

"வாங்க மாஸ்டர். அப்பா வீட்லதான் இருக்காரு. வந்து அவுருகிட்டச் சொல்லுங்க."

"இந்த மழையிலயா? கடைய யாரு பாப்பா?"

"மழையிலதான் நாங்க வந்தோம்."

அவர் நெளிந்தார். "போன் போட்டுக் குடும்மா, பேசிடறேன். என்னா இப்ப" என்றார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தன் போனில் அப்பாவைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு, மேஜை மேல் வைத்தாள்.

"பெரியவரே, நான் பஜார்லேர்ந்து கம்ப்யூட்டர் மாஸ்டர் பேசறேன். உங்க பெரிய பொண்ணு இங்க கடையிலதான் இருக்கு. அந்தப் பழைய மெஷின் விஷயமா..."

அதற்கு மேல் அப்பா அவரைப் பேச விடவில்லை.

"மாஸ்டருங்களா? நல்லா இருக்கீங்களா மாஸ்டர்? அது அன்னைக்குப் புள்ள தெரியாமச் செஞ்சதுங்க. சின்ன வயசு. நீங்க பெரிய மனசு பண்ணி விட்டீங்க, இன்னமும் நான் மறக்கல. மன்னிச்சுக்கிடுங்க மாஸ்டர், மன்னிச்சுக்கிடுங்க..."

 மாஸ்டர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் குரல் நிற்கவில்லை. அன்று கம்பளத்துக்கு வெளியே கும்பிட்டு நின்றபோது கேட்ட அதே குரல்.

அக்கா பாய்ந்து போனை எடுத்தாள். அவள் இப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

"அப்பா! கையக் கீழ போடுங்க! மொதல்ல கையக் கீழ போடுங்கப்பா!"

மழைக்கு ஒதுங்கி நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.